மூச்சில்லாத குரல்

போன வாரம் அலறல் அக்காவைச் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். அவள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். முன்னால் இருக்கும் டீ ஆறி, ஆடை கட்டிவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அலறல் அக்கா என்பது டப்பிங் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். திரையில் எந்த நடிகை பேயைப் பார்த்து வாயைத் திறந்தாலும் அதிலிருந்து வருவது இவள் குரல்தான். வீட்டில் அவள் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. சும்மா எதற்குத் தொண்டையைக் கெடுத்துக்கொள்வது என்பாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மகள் சவுண்ட் எடிட்டர். வயது இருபத்தாறு ஆகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. மூத்தவன் ரேடியோ. தூக்கத்தில்கூட வாய் ஓயாது என்று அப்பா வைத்த பெயர் அது. அந்த ரேடியோ, நல்ல வேலையை உதறிவிட்டுக் குரல் கொடுக்கப் போகிறேன் என்று கிளம்பினான். அப்பா அவனோடு பேச்சை நிறுத்தினார். அவன் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் பைக்கில் போனவன் லாரியில் மோதிச் செத்துப்போனான். அது வீட்டுக்கு வருகிற சாலையும் இல்லை, வேலைக்குப் போகிற சாலையும் இல்லை. அங்கே அவனுக்கு என்ன வேலை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவன் கடைசியாகச் செய்தது ஒரு பேய்ப்படம். அதே படத்தில் ஒரு அம்மாவுக்கு அலறல் அக்கா குரல் கொடுக்கிறாள், சவுண்ட் எடிட்டிங் வாலு. போனில் ஒரு வீடியோ விளையாட்டு வரும். மூன்று உயிர் கொடுக்கும். மூன்றும் போனால், விளையாட்டுக்குள் இருக்கும் பொம்மை எப்படிச் செத்ததோ அப்படியே விளையாடியவனும் சாவான். அந்த விளையாட்டுக்கு ஒரு குரல் உண்டு. "ஒரு உயிர் போச்சு. தொடரலாமா?" என்று, வரிசையில் நிற்பவரை அடுத்த ஜன்னலுக்குக் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாகக் கேட்கும்.

அந்தக் குரல் ரேடியோவுடையது. உண்மையில் அது பைலட் குரல். பெரிய குரல்காரர் வந்து பேசும்வரை எடிட்டிங்குக்கு உதவட்டும் என்று ஒப்புக்குப் பேசி வைப்பது. தன் அறையில் துணி அலமாரிக்குள் தலையை விட்டு, போர்வைகளுக்கு நடுவில் மைக்கை வைத்து அவன் பேசி அனுப்பினான். இயக்குநருக்கு அது பிடித்துப்போய்விட்டது. வீட்டில் சம்மதித்தால் இதுவே இருக்கட்டும் என்கிறார். நாளைக்குப் படத்தின் சத்தங்களையெல்லாம் சேர்க்கிற ஒலிக்கலவை. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

வேண்டாம் என்றால் பெரிய குரல்காரர் வந்து பேசிவிட்டுப் போவார். ரேடியோ பேசிய சுவடே இருக்காது. இதுவரை அவன் கொடுத்ததெல்லாம் கூட்டத்தில் ஒருவன், கடைக்காரன், "சார், உங்களுக்கு போன்" என்கிற ஆபீஸ் பையன். ஒரு படம் முழுக்க அவன் பேசியது இது ஒன்றில்தான்.

"அப்பா, இன்னிக்காவது வாயத் திறங்க," என்றாள் வாலு.

அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஒரே துண்டில் மூன்றாவது தடவையாகத் தடவுகிறார்.

"திறந்துதானே சொன்னேன். வேணாம்."

"ஏன் வேணாம்?"

"பேய்ப்படத்துல அவன் குரல் கேக்க வேணாம்."

"அவன் இருந்தப்ப ஒரு வருஷமா அவன்கூட ஒரு வார்த்தை பேசல. இப்ப அவன் எதுல பேசினா உங்களுக்கு என்ன?"

சொன்ன பிறகு வாலுவுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பா கோபப்படவில்லை. மூச்சை இழுத்து விட்டார். விடும்போது கடைசியில் மெல்லிசாக ஒரு விசில் வந்தது.

அந்த விசிலுக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில், லிஃப்ட் குழியில் வேலை பார்த்தபோது மேலேயிருந்து ஒரு ஸ்பேனர் அவர் மூக்கின் மேல் விழுந்தது. உடைந்த மூக்கு கோணலாகக் கூடிவிட்டது. அன்றிலிருந்து அவர் மூச்சுக்கு ஒரு வால் முளைத்துவிட்டது. அலறல் அக்காவுக்கு அந்த விசில் கேட்டால்தான் தூக்கம் வரும்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று வாலு அம்மா பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

வீம்புக்குச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, இருக்கிறது என்று கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அந்த மாதிரி இரண்டு மாதமாக இருந்தாள். சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடு, உள்ள வெச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் முயன்று பார்த்தாள். அழுகை அவளுக்குத் தொழில். கேட்டால் எத்தனை வகை வேண்டுமானாலும் தருவாள். யாரும் கேட்காதபோது அது எப்படி வரும் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அப்பாவின் போன் அடித்தது. ஏதோ அலுவலகத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் இருக்கிறதாம். அவர் பாதி ரொட்டியை வைத்துவிட்டுக் கருவிப் பையைத் தூக்கினார். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, மனைவியைப் பார்க்காமல் பேசினார்.

"நீ இன்னிக்கு அங்கதானே போற?"

"ஆமாங்க. ஒரு அலறல் பாக்கி இருக்கு."

"அவன் பேசினது இருக்குல்ல. அதக் கேக்காத."

"ஏன்?"

"கேக்காதன்னா விடேன்."

கதவு சாத்திக்கொண்டது. வாலு டீயை எடுத்துப்போய்த் தொட்டியில் ஊற்றினாள்.

டப்பிங் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அலறல் அக்கா வழக்கம்போலச் செருப்பை வெளியே விட்டாள், வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். மைக்குக்கு வாட்சின் துடிப்புகூடக் கேட்டுவிடும்.

காட்சி இதுதான். அம்மா கதவைத் திறக்கிறாள். மகன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கையில் போன் ஒளிர்கிறது. தலை மட்டும் தொங்கியிருக்கிறது. அம்மா அலற வேண்டும்.

இயக்குநர் முப்பது வயதுப் பையன். இந்தக் காட்சியை வேறு யாரையாவது வைத்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் மூன்று தடவை சொல்லிவிட்டார். அலறல் அக்காதான் கேட்கவில்லை. பாதியில் குரல் மாறினால் படம் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும் என்றாள்.

விளக்கு எரிந்தது. திரையில் அம்மா கதவைத் திறந்தாள். அலறல் அக்கா அலறினாள்.

ஒரே டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் என்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இயக்குநர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"அக்கா, ஒரு நிமிஷம் உக்காருங்க."

"ஏன் தம்பி, ஓவராப் போச்சா?"

"ஐயோ, இல்லக்கா."

"வேணும்னா இன்னொண்ணு தரேன். இது கொஞ்சம் தொண்டையிலேருந்து வந்துடுச்சு. வயித்துலேருந்து குடுத்தா இன்னும் நீளமா நிக்கும்."

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்தாள். உள்ளே எங்காவது ஏதாவது அசைந்ததா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்டாள்.

சாப்பிடும்போது இயக்குநர் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். தட்டைத் தொடவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு மறைக்கக் கூடாதுக்கா. விளம்பரம் பாக்கறவங்க வந்தாங்க. இந்த விளையாட்டுக்குக் குரல் கொடுத்தவர் இப்ப உயிரோட இல்லன்னு போஸ்டர்ல போட்டா படம் பிச்சுக்கிட்டுப் போகுமாம். எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லிட்டேன். ஆனா நாளைக்கு வேற யாராச்சும் பேசலாம். என்னால எல்லார் வாயையும் கட்ட முடியாது."

"படத்துல அவன் பேர் போடுவீங்களா?"

"கண்டிப்பா போடுவேன்கா. தனியா, பெருசா."

"அவன் பேர் எதுலயும் வந்ததில்ல," என்றாள் அலறல் அக்கா. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "நான் இன்னும் கேக்கல தம்பி. கேட்டுட்டுச் சொல்றேன்."

வாலுவின் எடிட்டிங் அறை மாடியில். நான்கு சுவரிலும் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை. இரண்டு நாற்காலி போட்டால் மூன்றாவது ஆள் நிற்கத்தான் வேண்டும். அம்மா வந்து உட்கார்ந்ததும் வாலு ஒரு டிஷ்யூ டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு, அது ரொம்பத் தெரிகிற மாதிரி இருக்கிறதே என்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போடவா?"

"போடு."

"வருக," என்றான் ரேடியோ. "உங்களுக்கு மூன்று உயிர்கள். ஒரு உயிர் போச்சு. தொடரலாமா? இரண்டு உயிர் போச்சு. தொடரலாமா?"

வாலு திரையைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே காத்திருந்த அழுகை இப்போது வரும் என்று நினைத்தாள்.

"யாருடி இது?"

"அம்மா. அண்ணன்மா."

"குரல் அவன்துதான். ஆள் அவன் இல்ல."

அலறல் அக்கா கண்ணை மூடி இன்னொரு தடவை கேட்டாள். ரேடியோவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாக்கியத்தின் நடுவில், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குவான். அவசரமாகத் தண்ணீர் குடிக்கிற குழந்தை நடுவில் நிறுத்துமே, அந்த மாதிரி. வாக்கியம் முடியட்டும்டா, அப்புறம் வாங்கு என்று அவளும் எத்தனையோ வருடம் சொல்லிப் பார்த்தாள். அது அவனை விட்டுப் போகவே இல்லை. இந்தக் குரலில் அது போயிருந்தது.

"மூச்சு எங்க?"

"எடுத்துட்டேன்," என்றாள் வாலு. "பேசறது விளையாட்டும்மா. மெஷினுக்கு ஏது மூச்சு? சுத்தமா இருக்கணும்னு இயக்குநர் சொன்னாரு. அதான் வெட்டினேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. காரியம் முடிஞ்ச மறுநாளே வந்து உக்காந்தேன். வீட்ல இருக்க முடியல. ஒரு மூச்சு வரும், வெட்டுவேன். இன்னொண்ணு வரும், அதையும் வெட்டுவேன். நல்லா வேலை ஓடிச்சு." அவள் சொல்லிக்கொண்டே போனவள் நின்றாள். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா, அண்ணனோட மூச்ச நான்..."

"சும்மா இரு. வேலை பாத்திருக்க. நல்லாத்தான் பாத்திருக்க, ஒட்டுத் தெரியல."

இப்படி ஒரு ஆறுதலை இவர்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கேட்க முடியாது. வாலுவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"வெட்டினத எங்க போட்ட?"

"தூக்கிப் போடல. மனசு வரல. எல்லாத்தையும் வரிசையா ஒட்டி ஒரு ஓரமா வெச்சிருக்கேன். அத நான் கேக்கலம்மா. திரையில கோடு பாத்துத்தான் வெட்டினது."

"போடு."

அவன் பேசினதைக் கேட்காதே என்று காலையில் கணவர் வாசலில் வைத்துச் சொன்னது அலறல் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அவர் சொன்னது பேசியதைத்தானே. இது பேசாதது.

வாலு விளக்கைக்கூடக் குறைக்கவில்லை. பட்டப்பகலில், பளிச்சென்ற அறையில், ரேடியோ மூச்சு விட ஆரம்பித்தான். அவசரமாக ஒன்று. ஆழமாக ஒன்று. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்று. எச்சில் விழுங்கிவிட்டு ஒன்று.

"இங்க சளி புடிச்சிருக்கு," என்றாள் அம்மா.

"ஆமா. மூணாவது ரீல். கஷாயம் மாதிரி எதையோ குடிச்சுட்டு வந்து உக்காந்தேன்னு சொன்னான்."

"இங்க சாப்பிட்டு உடனே பேசியிருக்கான். வயிறு முட்டுது."

அவள் மூச்சும் அவன் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்க ஆரம்பித்திருந்தது. அது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த வாலுவுக்குத் தெரிந்தது.

"இது கடைசி ரீல்மா," என்றாள் வாலு. "அன்னிக்கு மத்தியானம் பேசி அனுப்பினது. அப்புறம்தான் வண்டிய எடுத்திருக்கான்."

இழுத்தான். விட்டான். நிறுத்தக் கூடாத இடத்தில் ஒன்று வாங்கினான்.

"நிறுத்து. பின்னாடி போ."

"என்னம்மா?"

"அவன் விட்டப்புறம் ஒண்ணு வருதே, அது என்ன?"

"அதுவா, அது வெறும் இரைச்சல். அண்ணன் ரூம்ல ஜன்னல் சரியா மூடாதுல்ல, காத்து பூந்திருக்கும். அவன் நிறுத்தற இடத்துல எல்லாம் வந்து வந்து உயிர வாங்கிடுச்சு. அதையும் சேத்துத்தான் எடுத்தேன்."

"எல்லா ரீல்லயும் இருக்கா?"

வாலு யோசித்தாள். "இல்ல. இதுல மட்டும்தான்."

"சத்தத்தக் கூட்டு."

வாலு கூட்டினாள். ரேடியோ மூச்சை விட்டான். பிறகு அமைதி. பிறகு, மைக்குக்குத் தூரத்தில், கட்டில் இருக்கிற பக்கம், அவன் முடிக்கட்டும் என்று அடக்கி வைத்திருந்த ஒரு மூச்சு மெதுவாக வெளியே வந்தது. வந்து முடிகிற இடத்தில் மெல்லிசாக ஒரு விசில்.

மூன்று தடவை போட்டார்கள். மூன்றாவது தடவை போடச் சொன்னது வாலு.

பிறந்ததிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட விசில் அது. அதைத்தான் அவள் ஜன்னல் என்று நினைத்து, கோடு கோடாகப் பார்த்து, சுத்தமாகத் துடைத்து எடுத்திருந்தாள்.

"அப்பா," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

ஒரு வருடமாக மகன் முகத்தில் விழிக்காத மனுஷன், அவன் கடைசியாகப் பேசியபோது பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். வேலையைக் கெடுத்துவிடக் கூடாது என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதை இரண்டு மாதமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

கதவைத் தட்டிவிட்டு இயக்குநர் தலையை நீட்டினார். அவர் முகத்திலேயே அவசரம் தெரிந்தது.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. கீழ போன் மேல போன் வருது. அந்தப் பெரிய குரல்காரர நாளைக்கு வரச் சொல்லவா, வேணாமான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

வாலு அம்மாவைப் பார்த்தாள். அப்பா வேண்டாம் என்றது பேய்ப்படத்துக்காக இல்லை என்று இப்போது இருவருக்கும் தெரியும்.

"வர வேணாம்னு சொல்லுங்க தம்பி. என் பையன் குரலே இருக்கட்டும். ஆனா இவ எடுத்த மூச்செல்லாம் திரும்ப வெக்கணும்."

"விளையாட்டுக்கு மூச்சாக்கா?"

"அது தொடரலாமான்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ மூச்சு வாங்கட்டும். போட்டுப் பாருங்க. தியேட்டர்ல ஒருத்தன் சோளப்பொரிப் பையில கைய விட மாட்டான்."

இயக்குநர் அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். சிலிர்த்த கையைத் தேய்த்துக்கொண்டார். வர வேண்டாம் என்று சொல்லக் கீழே இறங்கிப் போனார்.

"கடைசி ரீல்ல இருக்கறத என்ன பண்றது?" என்று வாலு மெதுவாகக் கேட்டாள்.

"அது உங்கப்பாவோட மூச்சு. அவரக் கேட்டுட்டுத்தான் தொடணும்."

அலறல் அக்கா போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் ஒடிந்த நாற்காலிகளும் பழைய ஸ்பீக்கர்களும் கிடந்தன. அவர் எடுக்க நேரமானது. எடுத்ததும் முதலில் கேட்டது லிஃப்ட் குழியின் எதிரொலி. எங்கேயோ கீழே ஒரு ஆள், இன்னும் எவ்வளவு நேரம் என்று கத்திக்கொண்டிருந்தான்.

"என்ன?" என்றார்.

அவளுக்குப் பேச வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் குரலை வைத்துப் பிழைத்தவள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் மூச்சு இழுத்தது. விட்டது. விசில்.

"கேட்டுட்டியா?"

"ம்."

ஸ்பேனரை இரும்பின் மேல் வைக்கிற சத்தம் வந்தது. கீழே கத்தியவனிடம், "இருய்யா, வரேன்" என்றார்.

"அவன் பேசறது எப்படி இருக்குன்னு பாக்கலாம்னுதான் போனேன்," என்றார். "நல்லா இருந்துச்சு. அத அவன்கிட்ட சொல்லல. வீட்டுக்கு வாடா, அம்மா இருப்பான்னு மட்டும் சொன்னேன். சரிப்பான்னான். மூஞ்சியெல்லாம் சிரிப்பு. ஒரு இடத்துக்குப் போயிட்டு நேரா வீட்டுக்கு வரேன், நீங்க முன்னாடி போங்கன்னான்."

"எந்த இடத்துக்கு?"

"எங்கடான்னு நான் கேக்கல. ராத்திரிதான் வரப்போறானே, அப்பக் கேட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

அலறல் அக்கா சுவரோரமாக ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். காலையில் அலறிய தொண்டை அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.